ஏலமும் குத்தகையும்: ஜார்ஜ் டவுன் நகராட்சி வரலாற்றில் ஓர் ஏடு

தமிழில் வழங்கும் ‘ஏலம்’ என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. ஒன்று மணப்பொருளாகிய ஏலம். அது நம் மலைகளில் விளைந்து நம் மொழியிலேயே பெயர் பெற்றது. மற்றொன்று, பலர் கூடி விலை கூற, மிகுந்த விலை கூறியவருக்குப் பொருளை விடும் முறை. இச்சொல் போர்த்துக்கீசியர் வழியே நம்மிடம் வந்து சேர்ந்தது என்பர் சொல்லாய்வாளர். ‘குத்தகை’ என்னும் சொல்லின் நிலையும் கருதத்தக்கது. தமிழகத்தில் அச்சொல்லைக் கேட்டவுடன் நினைவுக்கு வருவது நிலக்குத்தகை. மலேசியத் தமிழரிடமோ அது சாலை போடுவது முதல் குப்பை அள்ளுவது வரை ஒருவர் பொறுப்பேற்று முடித்துத் தரும் வேலையையே குறிக்கும். அவ்வேலையைப் பெறுவதற்கு விலைகுறித்து மூடிய உறையில் இடும் தாளை நாம் ‘டெண்டர்’ என்கிறோம். தமிழக அரசு ‘ஒப்பந்தப்புள்ளி’ என்று எழுதுகிறது.

ஏலத்தில் மேல்விலை வெல்லும். டெண்டரில் கீழ்விலை வெல்லும். திசைகள் மாறுபட்டவை. ஆயினும் ஜார்ஜ் டவுன் நகரின் வரலாற்றைச் சற்று ஊன்றிப் படிப்போர்க்கு, இரண்டும் ஒரு கேள்வியிலேயே வந்து முடிவது தெரியும். விலையைக் கூறுபவர் ஒருவர். அவ்விலையை உண்மையில் செலுத்துபவர் யார்? இக்கட்டுரை அக்கேள்வியைப் பற்றியது. பினாங்குத் தமிழருக்கு இது ஏட்டுக் கேள்வி அன்று. நகராட்சியின் துடைப்பமும் மண்வெட்டியும் நெடுங்காலம் அவர்கள் கைகளிலேயே இருந்தன.

1786ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். வணிகரை ஈர்க்க வேண்டித் தொடக்கத்தில் சுங்கவரி விதிக்கப்படவில்லை. காட்டை அழித்து அப்போதுதான் நிலமாக்கிய தீவில் நிலவரியும் சொற்பமே. ஆனால் காவலுக்கும் சாலைக்கும் நீதிமன்றத்திற்கும் பணம் வேண்டும். அப்பணத்திற்குக் கண்ட வழிதான் குத்தகை ஏலம். அபின் விற்கும் உரிமை, சாராயம் விற்கும் உரிமை, கள், பங்கி, வெற்றிலை, பன்றியிறைச்சி, அடகுக்கடை, சிறிது காலம் சூதாட்டமுங்கூட, ஏலத்தில் விடப்பெற்றன. உரிமை பெற்றவர் பேசிய தொகையை அரசுக்குக் கட்டுவார். அதற்குமேல் கிடைப்பதெல்லாம் அவருடையது. கள்ளக் கடத்தலைப் பிடிப்பதற்கான ஆட்களைக்கூட அவரே சம்பளங் கொடுத்து வைத்துக்கொண்டார். தீவின் முதல் சீனக் கப்பித்தானாகிய கோ லே ஹுவான் இத்தகைய குத்தகைகளை எடுத்தவருள் முதன்மையானவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நீரிணைக் குடியேற்ற அரசின் வருவாயில் பாதியளவு அபின் ஒன்றிலிருந்தே வந்தது என்பதை மாணாக்கர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அரசு அலுவலர் எவரும் அபினைத் தொட்டதில்லை. அவர்கள் தொட்டது ஏலத்தொகையை மட்டுமே. அத்தொகை உயர உயர நிருவாகம் வெற்றி பெற்றதாகக் கணக்கில் ஏறிற்று. கூடுதலாகக் கட்டிய தொகையைக் குத்தகைக்காரர் எங்கிருந்து மீட்டார்? துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனும், ஈயச் சுரங்கத்திற்குச் செல்லக் காத்திருந்தவனும், கரும்புத் தோட்டத்து உழைப்பாளியும் தத்தம் கூலியில் ஒரு பங்கை அபின் கடையிலும் சாராயக் கடையிலும் செலுத்தினர். கள்ளுக் குத்தகையின் கதையில் நம்மவர் பங்கு என்ன என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஏலம் என்றால் போட்டி என்பது பொதுக் கருத்து. நடந்தது வேறு. பெருஞ்செல்வக் குடும்பங்கள் கூட்டாகச் சேர்ந்தன. இக்குடும்பம் இம்முறை, அக்குடும்பம் அடுத்த முறை என்றோ, எல்லாரும் ஒரே குழுவில் பங்கு என்றோ உடன்பாடு செய்துகொண்டால், ஏலக்கூடத்தில் எதிர்க்குரல் எழாது. உடன்பாடு முறிந்தபோது போட்டி தெருவிலும் வெளிப்பட்டது. 1867ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பத்து நாள்கள் ஜார்ஜ் டவுனை உலுக்கிய கலவரத்திற்குப் பின்னே, அபின் குத்தகையைச் சார்ந்த வணிகப் பூசலும் இருந்தது என ஆய்வாளர் சிலர் கூறுவர். முடிவில் 1910ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அரசு இக்குத்தகை முறையைக் கைவிட்டு அபின் வணிகத்தைத் தானே மேற்கொண்டது. அபின் ஒழியவில்லை, இடைத்தரகர் ஒழிந்தார், அவ்வளவே.

இனி நகராட்சிக்கு வருவோம். 1800ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் டவுனில் வரி மதிப்பீட்டாளர் குழு ஒன்று அமைந்தது. வீட்டு வரியை மதிப்பிட்டுச் சாலையையும் சாக்கடையையும் பேணுவது அதன் பணி. இன்றைய மலேசியாவின் ஊராட்சி மன்றங்களுக்கெல்லாம் மூத்தது அக்குழுவே எனலாம். ஆனால் சாலையை வெட்டியவர் யார்? இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பெற்ற கைதிகள். சதுப்பு நிலத்தைத் தூர்த்ததும், கற்களை உடைத்ததும், 1818இல் நிறைவுற்ற புனித ஜார்ஜ் தேவாலயத்திற்குச் சுவர் எழுப்பியதும் அவர்கள் உழைப்பே. அவ்வுழைப்புக்கு விலை கேட்க வேண்டிய தேவை அரசுக்கு இல்லை. நீரிணைக் குடியேற்றங்கள் 1867இல் இந்திய அரசின் பொறுப்பிலிருந்து நீங்கி இலண்டனின் நேர்முக ஆட்சிக்குள் சென்றன. கைதிகள் முறை 1873இல் முடிவுற்றது. அதன்பின் நகர் தன் உழைப்பாளிகளுக்குக் கூலி கொடுத்தாக வேண்டியதாயிற்று.

அக்காலத்தில் இங்கிலாந்திலும் இக்கேள்வி எழுந்திருந்தது. எட்வின் சாட்விக் என்னும் சுகாதாரச் சீர்திருத்தக்காரர் 1859இல் ஒரு கருத்தை வெளியிட்டார். ஒரே தெருவில் இரு குழாய்களை இரு நிறுவனங்கள் புதைப்பது வீண். ஆதலால் அத்தெருவில் சேவை செய்யும் உரிமைக்காக மட்டும் நிறுவனங்கள் முன்கூட்டியே போட்டியிடட்டும். வென்றவர் குறித்த காலம் வரை தனியே நடத்தட்டும் என்பது அவர் கருத்து. டெண்டர் முறைக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை இன்றுவரை எவரும் தந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்நாட்டு நகரங்கள் வேறு வழியிற் சென்றன. பர்மிங்ஹாமில் ஜோசப் சேம்பர்லின் 1870களில் எரிவாயுவையும் குடிநீரையும் நகராட்சிக்கே உரியனவாக்கினார். இலண்டன் வட்டார மன்றம், குத்தகைக்காரர்கள் கேட்ட விலை மிகையெனக் கண்டு, 1892ஐ ஒட்டிய ஆண்டுகளில் தன் சொந்த ஆள்களைக் கொண்டு வேலை செய்யும் துறையொன்றைத் தொடங்கியது. 1891இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தின் மக்களவை ‘நியாயக் கூலித் தீர்மானம்’ ஒன்றை நிறைவேற்றியது. அரசுக் குத்தகை எடுப்போர், அத்தொழிலில் வழக்கமான கூலியைவிடக் குறைத்துக் கொடுத்தலாகாது என்பது அதன் சாரம். கீழ்விலை கேட்பவர் அவ்விலையைத் தொழிலாளியின் வயிற்றிலிருந்து குறைப்பார் என்பதை நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அம்மன்றம் உணர்ந்திருந்தது.

இக்காற்று பினாங்குக்கும் வீசிற்று. 1880களில் ஜார்ஜ் டவுனில் நீராவி டிராம் ஓடியபோது அது தனியார் முயற்சி. 1906இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியபோது அது நகராட்சியினுடையது. மின்சாரமும் நகராட்சியினுடையதே, குடிநீரும் அவ்வாறே. 1925இல் கம்பிவழி மின்சாரம் பெற்று இரப்பர்ச் சக்கரத்தில் ஓடும் டிராலி பேருந்துகளும் வந்தன. இச்சேவைகளுக்கு ஆள்கள் தேவைப்பட்டனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, ஜெரஜாக் தீவில் தொற்றுத்தடைக் காவலில் இருந்து, தோட்டங்களுக்கென வந்த தமிழருள் ஒரு பகுதியினர் நகரிலேயே நின்றுவிட்டனர். மலாயாவின் நகராட்சிகளிலும் பொதுப்பணி இலாகாவிலும் இரயில்வேயிலும் உடலுழைப்பாளருள் தென்னிந்தியரே மிகுந்திருந்தனர் என்பது அனைவரும் அறிந்த செய்தி.

தோட்டத்து வாழ்வோடு ஒப்பிட்டால் நகராட்சி வேலையில் என்ன சிறப்பு? கூலி பெரிதும் உயர்ந்ததன்று. வேலையோ பிறர் முகஞ்சுளிக்கும் வேலை. ஆயினும் அங்கே கங்காணி இல்லை; அல்லது அவன் அதிகாரம் குறைவு. விடிவதற்குள் தெருவைக் கூட்டி முடித்தால் நண்பகலுக்குமேல் நாள் அவனுடையது. குடியிருப்பு உண்டு. ஓய்வுபெறும்போது கையிற் கிடைக்கும் பணம் உண்டு. அனைத்திற்கும் மேலாக, அடுத்த ஆண்டும் இதே வேலை உண்டு என்னும் உறுதி உண்டு. அவ்வுறுதியின் மேல்தான் ஒருவன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறான், சீட்டுக் கட்டுகிறான், தண்ணீர்மலைத் தைப்பூசத்திற்குக் காவடி நேர்ந்துகொள்கிறான். நம் சமூக வரலாற்றை எழுதுவோர் தோட்டத்தைப் பற்றி நிரம்ப எழுதிவிட்டனர். நகராட்சிக் குடியிருப்பைப் பற்றி எழுதியது குறைவு என்பது என் மனக்குறை.

நகரவை ஆட்சியிலும் மாற்றங்கள் நிகழ்ந்தன. 1857 முதல் நகர ஆணையருள் சிலரை வரி செலுத்துவோரே தெரிவு செய்துவந்தனர்; 1913ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை நீக்கிற்று. மீண்டும் 1951 டிசம்பர் முதல் நாள் மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தல் ஜார்ஜ் டவுனில் நடந்தது. 1957 சனவரி முதல் நாள் எலிசபெத் அரசியாரின் பட்டயத்தால் ஜார்ஜ் டவுன் மாநகரமாயிற்று. மலாயா விடுதலை பெறுவதற்கு எட்டுத் திங்கள் முன்னதாகவே நிகழ்ந்தது இது. அதன் முதல் மேயர் தொழிற்கட்சியைச் சார்ந்த டி. எஸ். இராமநாதன். தமிழரொருவர் அப்பதவியில் அமர்ந்ததை நாம் பெருமையுடன் கூறிக்கொள்கிறோம். பினாங்கில் அவர் பெயரால் சாலையும் உண்டு. அவர் தலைமையேற்றது எத்தகைய மன்றம் என்பதையும் நோக்க வேண்டும். மின்சாரம், குடிநீர், பேருந்து எல்லாவற்றையும் சொந்தமாக வைத்திருந்த மன்றம் அது. 1960களின் நடுவில் அதன் ஆண்டு வருவாய் பினாங்கு மாநில அரசின் வருவாயையே விஞ்சியிருந்தது.

அந்நிலை நீடிக்கவில்லை. இந்தோனேசிய மோதலைக் காரணங்காட்டி 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பெற்றன. 1966இல் ஜார்ஜ் டவுன் மாநகர் மன்றத்தின் அதிகாரங்கள் மாநில முதலமைச்சரிடம் சென்றன. ஊராட்சி மன்றங்களை ஆராய மேலவை உறுப்பினர் ஆதி நாகப்பன் தலைமையில் 1965இல் அமைந்த அரச ஆணையம், தீபகற்பத்தின் 373 மன்றங்களையும் நோக்கி, குறைகளைச் சுட்டி, எனினும் தேர்தலே வேண்டும் என்று 1968இல் பரிந்துரைத்தது. அரசு அப்பரிந்துரையை ஏற்கவில்லை. 1974இல் மாநகர் மன்றமும் தீவின் புறநகர்ப் பகுதி மன்றமும் இணைந்து பினாங்குத் தீவு நகராண்மைக் கழகமாயின. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

குடவோலை கண்ட தமிழரின் வழித்தோன்றல் ஒருவரே தேர்தல் வேண்டும் என எழுதிக்கொடுத்தார் என்பதை எண்ணும்போது வியப்புத் தோன்றுகிறது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியத்திற்கும் தோட்ட வாரியத்திற்கும் உறுப்பினரைத் தெரிவு செய்யும் முறையைக் கூறுவதை வகுப்பில் கற்பிக்கிறோம். அக்கல்வெட்டில் எனக்கு மிகவும் பிடித்தது ஓலையும் குடமும் அல்ல. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் மீண்டும் தகுதி பெறார் என்னும் விதியே அது. பொதுவேலையில் கையிடுபவன் கணக்குக் காட்ட வேண்டும் என்பதைக் கி.பி. 919லும் 921லும் கல்லில் வெட்டி வைத்தனர்.

மீண்டும் பினாங்கு. 1973இல் குடிநீர், பினாங்கு நீர் வாரியத்திற்குச் சென்றது. 1976இல் மின்சாரம் தேசிய மின்சார வாரியத்திற்குச் சென்றது. பேருந்துச் சேவையும் அப்பத்தாண்டின் இறுதிக்குள் நின்றது. ஒவ்வொன்றிற்கும் தனித்தனிக் காரணம் உண்டு. அவற்றுள் புக இங்கு இடமில்லை. ஆனால் விளைவைத் தொகுத்துப் பார்த்தல் வேண்டும். வருவாய் தரும் சேவைகள் யாவும் வெளியேறின. எஞ்சியவை குப்பை, சாக்கடை, தெரு, சந்தை, பொதுக்கழிப்பிடம், பூங்கா. இவை வருவாய் தருவன அல்ல; செலவு தருவன. அச்செலவிலும் பெரும்பகுதி மனிதரின் கூலி. சிக்கனம் என்னும் சொல் நகராண்மைக் கழகத்தின் வாயிலில் வந்து நின்றபோது, அது நேரே துடைப்பம் பிடித்தவனையே நோக்கி நடந்ததில் வியப்பென்ன?

அச்சொல் அப்போது உலகெங்கும் நடந்துகொண்டிருந்தது. 1979இல் பிரித்தானியாவில் ஆட்சிக்கு வந்த மார்கரெட் தாட்சர் அரசு 1980இல் ஒரு சட்டம் இயற்றிற்று. நகர் மன்றங்கள் கட்டட வேலைகளையும் பழுதுபார்ப்புகளையும் தம் சொந்த ஆள்களைக் கொண்டு செய்ய விரும்பினால், முதலில் டெண்டர் விட்டுத் தனியாருடன் போட்டியிட்டு வெல்ல வேண்டும் என்றது அச்சட்டம். 1981இல் சவுத்தெண்டு நகர் மன்றம் எவர் வற்புறுத்தலும் இன்றியே குப்பை அள்ளும் பணியைத் தனியாரிடம் ஒப்படைத்துப் பெயர் பெற்றது. 1983இல், நாம் மேலே கண்ட நியாயக் கூலித் தீர்மானம் நீக்கப்பட்டது. வழி இவ்வாறு செப்பனிடப்பட்ட பிறகு 1988ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. குப்பை அள்ளுதல், தெரு கூட்டுதல், கட்டடத் துப்புரவு, பூங்காப் பராமரிப்பு, வண்டிப் பழுது, பள்ளி உணவு ஆகியவை அனைத்திற்கும் டெண்டர் கட்டாயமாயிற்று.

அச்சட்டத்தின் நுட்பத்தைக் காண்போம். மன்றத்தின் சொந்தத் தொழிலாளரும் ஒரு நிறுவனம்போல் விலை குறித்துப் போட்டியிட வேண்டும். வென்றால் தனிக்கணக்கு வைத்து, அரசு குறித்த இலாப விகிதத்தையும் காட்ட வேண்டும். காட்டத் தவறினால் அமைச்சர் அப்பிரிவை மூடிவிடலாம். அதன் 17ஆம் பிரிவோ, டெண்டரைத் தெரிவு செய்யும்போது ‘வணிகம் சாரா’ செய்திகளை மன்றம் கருத்திற் கொள்ளலாகாது என்றது. குத்தகைக்காரர் தம் தொழிலாளருக்கு என்ன கூலி, என்ன விடுமுறை தருகிறார் என்பது வணிகம் சாராச் செய்தி! தெருவைக் கூட்டுவதற்கு விலை கேட்கலாம். கூட்டுபவனைப் பற்றிக் கேட்கலாகாது.

விளைவு இருவகைப்பட்டது, நடுநிலையில் நின்று இரண்டையும் கூற வேண்டும். தொடக்கச் சுற்றுகளில் பெரும்பாலான டெண்டர்களை மன்றங்களின் சொந்தத் தொழிலாளரே வென்றனர். அதுவரை எந்தத் தெருவை எத்தனை முறை கூட்டுகிறோம் என்று எழுதி வைத்திராத மன்றங்கள், டெண்டருக்காகவே முதன்முறை அதனை எழுதின, இது நன்மையே. முதற்சுற்றில் செலவு சராசரியாக ஆறேழு விழுக்காடு குறைந்தது என்று அந்நாட்டு அரசுக்காகச் செய்யப்பட்ட ஆய்வு கண்டது. மறுபக்கத்தை வட யார்க்‌ஷயர் வழக்கு காட்டும். அவ்வட்டார மன்றம் பள்ளி உணவுக் குத்தகையைத் தானே வெல்வதற்காகச் சமையற்கூடப் பெண்களின் கூலியைக் குறைத்தது. அதே மதிப்புடைய வேலை செய்த ஆண்களின் கூலி குறையவில்லை. அப்பெண்கள் வழக்காடினர். 1995இல் பிரபுக்கள் அவை, சந்தையைக் காரணங்காட்டிப் பெண்களின் கூலியைத் தாழ்த்தியது சமஊதியச் சட்டத்திற்கு மாறானது எனத் தீர்ப்பளித்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயத்தை நீக்க, 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் அம்முறை முடிவுற்றது. விலை மட்டுமன்றித் தரத்தையும் சேர்த்து நோக்கும் வேறு முறை அதனிடத்தில் வந்தது.

நம் நாட்டில் நிகழ்ந்தது இதன் நேர்ப்படி அன்று. இங்குச் சிலர் குழம்புவதால் சற்றுத் தெளிவாகக் கூற வேண்டியுள்ளது. பிரதமர் மகாதீர் 1983இல் தனியார்மயக் கொள்கையை அறிவித்தார். 1985இல் அதற்கான வழிகாட்டி வெளிவந்தது. 1991இல் பெருந்திட்டம் வெளியாயிற்று. இவற்றில் ஊராட்சிச் சேவைகளை டெண்டருக்கு விடுமாறு மன்றங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. பெருந்திட்டங்கள் பலவற்றில் போட்டியும் இல்லை; முதலில் திட்டத்தைக் கொண்டு வருபவருக்கே முன்னுரிமை என்னும் நெறி தொடக்கத்தில் பின்பற்றப்பட்டது. அங்கே கட்டாயமும் போட்டியும் சேர்ந்து வந்தன. இங்கே இரண்டுமின்றிக் குத்தகை மட்டும் வந்தது. 1990களின் பிற்பகுதியில் நாட்டின் குப்பை அகற்றும் பணி பெருவட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுச் சில நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்படலாயிற்று. 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டம் 2011 செப்டம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது, அதனை ஏற்ற மாநிலங்களில் அந்நிறுவனங்கள் பெற்ற உரிமை 22 ஆண்டுகளுக்கு. பழைய அபின் குத்தகைகூடச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் ஏலத்திற்கு வந்தது.

பினாங்கு அச்சட்டத்தை ஏற்கவில்லை, சிலாங்கூரும் ஏற்கவில்லை. 2008 மார்ச்சுத் தேர்தலுக்குப் பின் பினாங்கில் பொறுப்பேற்ற லிம் குவான் எங் தலைமையிலான மாநில அரசு திறந்த டெண்டர் முறையைத் தன் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாக அறிவித்தது. அறைக்குள் முடிவாகிய வேலைகள் அறிவிப்புப் பலகைக்கு வந்தன. தனியொருவர் செல்வாக்கினால் வேலை பெறும் வழக்கத்தைவிட இது மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. அபின் ஏலத்தில் இல்லாமற்போன எதிர்க்குரலை இது எழுப்பியது. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தை மாநிலச் சட்டமன்றம் 2010இல் நிறைவேற்றியதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

ஆனால் திறந்த டெண்டர் ஒரு கேள்விக்கு மட்டுமே விடை தருகிறது. வேலை யாருக்குப் போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்பதை அது ஊரறியச் செய்கிறது. அவ்விலை எப்படிக் குறைந்தது என்பதை அது கூறுவதில்லை. சாலை போடும் குத்தகையில் நல்ல இயந்திரம் வைத்திருப்பவர் குறைந்த விலைக்குச் செய்ய முடியும். அது திறமையின் பயன். தெரு கூட்டும் குத்தகையில் அத்தகைய திறமைக்கு இடம் எவ்வளவு? கடைத்தெருவின் நீளம் எவர் கூட்டினாலும் மாறுவதில்லை. ஒரு கை ஒரு மணி நேரத்தில் கூட்டும் தொலைவும் பெரிதும் மாறுவதில்லை. ஆகவே போட்டியாளரைவிட விலையைக் குறைக்க விரும்புபவர் மூன்றில் ஒன்றைச் செய்தாக வேண்டும்: பத்துப் பேர் வேலையை எட்டுப் பேரிடம் வாங்க வேண்டும், அல்லது கூலியைக் குறைக்க வேண்டும், அல்லது குறைந்த கூலிக்கு வரும் அயல்நாட்டாரைத் தேட வேண்டும். இவற்றுள் எதற்கும் டெண்டர்த் தாளில் பெயரில்லை. அங்கே இருப்பது ஒரே எண்.

கூலியைவிடக் கொடியது வேறொன்று. குத்தகை இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிகிறது. மறு டெண்டரில் வேறொருவர் வெல்கிறார். அதே தெரு, அதே துடைப்பம், பெரும்பாலும் அதே தொழிலாளி. ஆனால் புதிய முதலாளியின் ஏட்டில் அவர் புதியவர். பணிக்கால மூப்பு, அதனால் வரும் விடுமுறை, பணிநீக்க இழப்பீட்டுக்குரிய ஆண்டுக்கணக்கு யாவும் பூச்சியத்திலிருந்து தொடங்குகின்றன. அரசு மருத்துவமனைகளின் துப்புரவுப் பணி 1990களின் இடையில் தனியாரிடம் சென்றது. பள்ளிகளின் துப்புரவுப் பணியும் குத்தகைக்குள் வந்தது. இவ்விரு துறைகளிலும் துடைப்பம் பிடித்தோருள் தமிழ்ப் பெண்கள் பலர். நம் ஆசிரியர்கள் பணியாற்றும் பள்ளியிலேயே இருபது ஆண்டு வகுப்பறை துடைத்த அம்மையார் ஒருவர் சட்டத்தின் கண்ணில் ஈராண்டு அனுபவமுடையவராக இருக்கக் கூடும். அவரிடம் கேட்டுப் பார்த்தால் இக்கட்டுரையைவிடத் தெளிவாகக் குத்தகை முறையை விளக்குவார்.

2013 சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 900 வெள்ளி எனச் சட்டமாயிற்று. 2025 பிப்ரவரியில் அது 1,700 வெள்ளியாக உயர்ந்தது. டெண்டரின் கீழ்விலைக்கு ஒரு தரை இட்டது இச்சட்டம் எனலாம். அதற்குக் கீழே எவரும் நேர்மையாக விலை கூற முடியாது. ஆயினும் தரையே கூரையும் ஆகிவிடும் இடர் இதில் உண்டு. குத்தகை மாறும்போதெல்லாம் மூப்பு அழிந்துபோகும் தொழிலாளி, பத்தாண்டு கழிந்தாலும் அக்குறைந்தபட்சத்திலேயே நிற்பார். நகராட்சி தானே வைத்துக்கொண்ட தொழிலாளிக்குப் படிப்படியான ஊதிய ஏற்றம் இருந்தது என்பதை இங்கு நினைக்க வேண்டும்.

தாயகத்துச் செய்தியும் இதற்குத் துணை நிற்கிறது. சென்னை மாநகராட்சி 2000ஆம் ஆண்டில் தன் மண்டலங்கள் சிலவற்றின் குப்பை அகற்றும் பணியை ஓனிக்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. பின்னர் நிறுவனங்கள் மாறின, மண்டலங்கள் பெருகின. 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் பணி தனியாருக்குச் செல்வதை எதிர்த்துத் துப்புரவுத் தொழிலாளர் ரிப்பன் மாளிகை முன்னே பதின்மூன்று நாள்கள் இரவும் பகலும் அமர்ந்திருந்தனர். 13ஆம் நாள் நள்ளிரவில் காவலர் அவர்களை அப்புறப்படுத்தினர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் கேட்டது தங்களை மாநகராட்சியே நேரடியாக வேலையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே. பினாங்கு நகராட்சிக் குடியிருப்பில் நம் முன்னோர் பெற்றிருந்த அதே உறுதியைத்தான் அவர்கள் கேட்டனர்.

பினாங்குத் தீவு நகராண்மைக் கழகம் 2015 மார்ச்சில் மீண்டும் மாநகர் மன்றமாயிற்று. அதன் மேயர் தேர்ந்தெடுக்கப்படுபவர் அல்லர், நியமிக்கப்படுபவர். 2016 சூன் திங்களில் வீட்டுக் குப்பையைப் பிரித்து வைக்க வேண்டும் என்னும் விதி வந்தது. மறு ஆண்டு தண்டம் விதிக்கத் தொடங்கினர். பிரித்து வைப்பது வீட்டார் கடமை. பிரிக்காமல் வைத்த பையைத் திறந்து பார்ப்பது, விடிவதற்கு முன் லாரியின் பின்னே ஓடி வருகிறவரின் வேலை.